ஒளியைக் கண்டு மயங்காத தோட்டத்து டாக்டர்: சுவாமி சிவானந்தரும் தியான அனுபவங்களும்

பத்துமலைப் பக்கம் போய்வரும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் பலருக்கும் அங்குள்ள சிவானந்த ஆசிரமம் தெரியும். அந்தப் பெயருக்குரிய சுவாமி சிவானந்தர் ரிஷிகேசத்தில், கங்கைக் கரையில் வாழ்ந்த துறவி என்பதும் தெரியும். ஆனால், காவி உடுத்துவதற்கு முன் ஏறத்தாழ பத்தாண்டுகள் இதே மலாயா மண்ணில் அவர் டாக்டராக வேலை பார்த்தார் என்பதை இளைய தலைமுறையில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்தார், காய்ச்சலில் கிடந்த பால்வெட்டுத் தொழிலாளர்களின் நாடி பிடித்தார், பிரசவம் பார்த்தார்.

தியானம் பழகுகிறவர்களுக்கு அவர் சொல்லிச் சென்றவற்றைப் புரிந்துகொள்ள இந்தப் பத்தாண்டுகளை அறிவது அவசியம். இன்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தியான வகுப்புக்குப் போகிறவர்கள் ஏராளம். கண்ணை மூடி உட்கார்ந்து சில வாரங்கள் ஆனதும் சிலருக்கு நெற்றியில் ஒளி தெரிகிறது. சிலருக்குக் காதில் மணியோசை கேட்கிறது. உடம்பு காற்றில் மிதப்பது போலிருக்கிறது. தெய்வ உருவம் முன்னால் வந்து நிற்கிறது. கண்டவர் பயந்து தியானத்தையே விட்டுவிடுவதும் உண்டு. தமக்கு ஏதோ சித்தி கைகூடிவிட்டது என்று நம்பி வேலை வெட்டியை விட்டுவிடுவதும் உண்டு. இரண்டிலும் சிரமப்படுவது குடும்பம்தான். இந்தக் கேள்விக்கு சிவானந்தர் தந்த பதிலில் துறவியும் இருந்தார், டாக்டரும் இருந்தார்.

பத்தமடைப் பையன்

திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் பத்தமடை, கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர். அங்கே 1887 செப்டம்பர் 8ஆம் தேதி வெங்கு ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் குப்புசாமி. அதுதான் சிவானந்தரின் பிள்ளைப் பெயர். அப்பைய தீட்சிதர் வழிவந்த குடும்பம். எட்டயபுரம் ராஜா பள்ளியில் படித்தார். பாட்டு, நாடகம், உடற்பயிற்சி என்று எதிலும் முன்னால் நிற்கும் பையன். பிறகு திருச்சியில் கல்லூரிப் படிப்பு. அடுத்து தஞ்சாவூரில் மருத்துவப் படிப்பு. விடுமுறைக்குக்கூட ஊருக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து படித்தவர் என்று அவருடைய வரலாறு சொல்கிறது.

குடும்பச் சூழ்நிலையால் படிப்பு தடைப்பட்டதும் திருச்சியில் அம்ப்ரோசியா என்ற மருத்துவ இதழைத் தொடங்கினார். தாயார் கொடுத்த நூறு ரூபாய்தான் முதல். நோய் வராமல் காப்பது, சுத்தம், உணவு ஆகியவை பற்றிச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி எழுதுவது அதன் நோக்கம். தெரிந்ததை ஒளித்து வைக்காமல் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

கப்பலேறி வந்த டாக்டர்

1913இல் தாரா என்ற கப்பலில் மலாயாவுக்குப் புறப்பட்டார். ஆசாரமான குடும்பம் என்பதால் கப்பல் சாப்பாட்டைத் தொடவில்லை. வீட்டில் செய்து கொடுத்த இனிப்புப் பலகாரங்களையே தின்று, தண்ணீர் குடித்து நாளைக் கடத்தினார். வந்து இறங்கும்போது உடம்பில் தெம்பே இல்லை.

கையில் பெரிய பணமும் கிடையாது. அறிமுகக் கடிதத்தோடு ஒருவரைப் பார்த்து, அவர் வழியாக இன்னொருவரைப் பார்த்து, கடைசியில் நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துத் துரையிடம் போய்ச் சேர்ந்தார். துரை பெயர் ராபின்ஸ். ஆள் பெரிய உருவம், முன்கோபக்காரர். ஆஸ்பத்திரி ஒன்றைத் தனியாளாக நடத்த முடியுமா என்று துரை கேட்டார். ஒன்று என்ன, மூன்றைக்கூடப் பார்த்துக்கொள்வேன் என்று தயங்காமல் பதில் சொன்னார் குப்புசாமி. மாதம் 150 வெள்ளி சம்பளத்தில் வேலை கிடைத்தது.

அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையைப் பாட்டன் பூட்டன் சொல்லக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சஞ்சிக்கூலி முறை சட்டப்படி முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரம். லயத்து வீடுகள், சேற்று நிலம், கொசு, மலேரியா. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட இடமெல்லாம் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901இலேயே சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்துக் காட்டியிருந்தார். ஆனாலும் உள்ளே தள்ளி இருந்த தோட்டங்களுக்கு அந்த நன்மை உடனே வந்து சேரவில்லை. அங்கே கொய்னாவும் ஒரு டாக்டரும்தான் துணை.

குப்புசாமி அந்த ஆஸ்பத்திரியில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இருந்தார். வேலைப் பளு தாங்காமல் சில சமயம் விலகிவிடலாமா என்று நினைத்ததும் உண்டு, துரை விடவில்லை. உதவிக்கு வந்த பையன்களுக்கு மருந்து வேலை கற்றுக்கொடுத்து வேறு தோட்டங்களில் வேலைக்கு அனுப்பினார். 1920 வாக்கில் ஜொகூர்பாருவுக்கு மாறி, அங்கே ஒரு மருத்துவ நிலையத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார்.

அவரைப் பற்றி ஒரு சம்பவம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஒருநாள் இரவு, கொட்டும் மழையில் நனைந்தபடி ஓர் ஏழை வந்து நின்றார். மனைவிக்குப் பிரசவ வலி. டாக்டர் உடனே கிளம்பினார். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, உள்ளே இடமில்லாத அந்தக் குடிசைக்கு வெளியே மழையிலேயே இரவு முழுவதும் காத்திருந்தார். குழந்தை நல்லபடியாகப் பிறந்த பிறகுதான், விடிந்ததும் வீடு திரும்பினார். ஏழைகளிடம் பணம் வாங்குவதில்லை. சில நேரம் மருந்தோடு சாப்பாட்டுக்குப் பணமும் கொடுத்து அனுப்புவார்.

அவர் அப்போது சாமியார் வேடத்தில் இல்லை. நல்ல உடுப்பு, பட்டு, நகை எல்லாவற்றிலும் ஆசை உண்டு. பத்து மோதிரங்களை ஒரே நேரத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டதாகக்கூடச் சொல்வார்கள்.

உள்ளே கேட்ட ஒலி

மலாயாவில் இருந்த காலத்திலேயே பூசை, பஜனை, ஆசனம், தியானம் ஆகியவற்றில் அவர் மனம் போனது. ஒருமுறை நோயுற்ற ஒரு சாதுவை வைத்துப் பார்த்துக்கொண்டார். குணமாகிப் போகும்போது அந்த சாது, ஜீவனும் பிரம்மமும் ஒன்று என்று பேசும் வேதாந்த நூல் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் மனத்தைத் திருப்பியது.

அந்த நாட்களில் அவர் செய்து பார்த்த பயிற்சிகளில் ஒன்று அநாகத நாதத்தில் மனத்தை ஒடுக்குவது. வெளியே எதுவும் தட்டாமல் மோதாமல் உள்ளுக்குள் எழும் ஒலியைக் கேட்டு, அதிலேயே மனத்தைக் கரைக்கும் முறை அது. நம்மவர்களுக்குப் புதிதல்ல. திருமந்திரத்திலும் உள்ளொலிகளைப் பற்றிப் பேச்சு உண்டு. வடமொழி யோக நூல்கள் மணி, சங்கு, வீணை, தாளம், புல்லாங்குழல், பேரிகை, மிருதங்கம், இடிமுழக்கம் என்று பத்து வகை ஒலிகளை வரிசைப்படுத்துகின்றன.

பகலில் நோயாளிகளோடு இருந்தவர் இப்படியொரு பயிற்சியையும் செய்தார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. மலேரியா வார்டில் வேலை பார்க்கும் டாக்டருக்கு, இல்லாததைக் காண்பதும் கேட்பதும் புதுமையல்ல. காய்ச்சல் ஏறினால் செத்துப்போன தாயார் வாசலில் நிற்பது தெரியும். கொய்னா அதிகமானால் காதில் ஓயாமல் இரைச்சல் கேட்கும். காய்ச்சல் இறங்கினால் காட்சியும் போய்விடும். கண்டது, கேட்டது என்பதாலேயே ஒன்று தெய்வீகமாகிவிடாது என்பதற்கு ஆஸ்பத்திரியைவிட நல்ல பாடசாலை கிடையாது.

ரிஷிகேசத்துக்குப் போன வழி

1923இல் நல்ல வேலையையும் சம்பளத்தையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார். கொண்டுவந்த சாமான்களைத் தெரிந்தவர் வீட்டில் இறக்கிவிட்டுக் காசிக்குப் போனார். பிறகு மகாராஷ்டிரப் பக்கம் கால்நடையாகச் சுற்றினார். ஒரு சிற்றூரில் தபால் அதிகாரி வீட்டில் எடுபிடி வேலைகூடச் செய்தார். ஆஸ்பத்திரியை நடத்தி, துரையிடம் நேருக்கு நேர் பேசியவர், அங்கே தண்ணீர் எடுத்து, சமைத்துப் போட்டார். அங்கிருந்தவர்தான் ரிஷிகேசம் போகச் சொன்னார். 1924இல் ரிஷிகேசம் போய்ச் சேர்ந்தவருக்கு, ஜூன் 1ஆம் தேதி விசுவானந்த சரசுவதி சுவாமிகள் துறவு அளித்தார். குப்புசாமி சிவானந்தர் ஆனார்.

கங்கைக்கு அக்கரையில் சுவர்க்காசிரமத்தில் ஒரு சிறு குடிலில் அடுத்த பத்தாண்டுகள். பனிக்காலத்திலும் விடியுமுன் கங்கையில் இறங்கி நின்று ஜபம் செய்வார். சூரியன் எழுந்த பிறகுதான் கரையேறுவார். பிச்சையில் கிடைத்த ரொட்டியைக் காய வைத்து, பல நாட்களுக்கு அதையே கங்கைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுவார். நாளில் பெரும்பகுதி தியானத்தில் போகும்.

ஆனால், அத்தனை கடுமையான தவத்துக்கு நடுவிலும் ஒரு வேலையை மட்டும் அவர் விடவில்லை. தினமும் நேரம் ஒதுக்கி, நோயாய்க் கிடந்த சாதுக்களின் குடில்களுக்குப் போவார். மருந்து கொடுப்பார், உடம்பு துடைத்துவிடுவார், கால் பிடித்துவிடுவார். காலரா, அம்மை என்று மற்றவர்கள் கிட்டே வர அஞ்சிய நோயாளிகளையும் பார்த்தார். 1927இல் தம் பழைய இன்சூரன்ஸ் பணம் வந்ததும் அதை வைத்து லட்சுமண்ஜூலாவில் ஓர் இலவச மருந்தகம் தொடங்கினார். பத்ரிநாத் யாத்திரை போகிறவர்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. ஒருநாள் மருந்து வாங்கிக்கொண்டு போன யாத்திரிகருக்கு அதைவிட நல்ல மருந்து ஒன்று கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. உடனே அந்த மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் பல மைல் ஓடிப்போய் அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒளி, ஒலி, உருவம்

இப்படி உழைத்துத் தியானம் செய்தவர் பின்னாளில் எழுதிய நூல்கள் ஏறத்தாழ 300. தியானத்தில் வரும் அனுபவங்களைப் பற்றி அவற்றில் பல இடங்களில் விளக்கியிருக்கிறார். டாக்டர் நோயாளியின் குறிகளை வரிசையாகக் குறித்து வைப்பது போலவே எழுதினார்.

ஆரம்பத்தில் நெற்றி நடுவில் குண்டூசித் தலை அளவு ஒளிப்புள்ளிகள் தெரியலாம். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என்று நிறங்கள் வரும், மின்னல் போல் வெட்டும். பிறகு முகங்கள், மலைகள், தோட்டங்கள், தெய்வ உருவங்கள் தெரியலாம். உள்ளொலிகள் கேட்கலாம். உடம்பு இல்லாதது போல், லேசாகிவிட்டது போல் இருக்கும். உடம்பிலிருந்து பிரிவது போலத் தோன்றிச் சிலருக்குத் திகில் வரும். இவை எல்லாம் வரக்கூடியவைதான், பயப்பட வேண்டாம் என்றார். வராதவர்களும் கவலைப்பட வேண்டாம், ஆளுக்கு ஆள் இது மாறும் என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். இந்த ஒளியும் ஒலியும் வழியில் தெரியும் அடையாளங்கள். போய்ச் சேரும் ஊர் அல்ல. ஊக்கம் வருவதற்கு உதவலாம். ஆனால், அங்கேயே நின்று ரசித்துக்கொண்டிருந்தால் பயணம் அத்தோடு முடிந்துவிடும். பல காட்சிகள் நம் மனமே உள்ளிருந்து எடுத்துக் காட்டுபவை. நினைத்துக்கொண்டே இருப்பது உருவமாக வந்து நிற்கும். ஆகவே கண்டதை நம்பித் தீர்ப்புச் சொல்லாமல், விரட்டவும் செய்யாமல், எடுத்த மந்திரத்துக்கே மனத்தைத் திருப்ப வேண்டும்.

டாக்டர் என்ற முறையில் வேறு சில எச்சரிக்கைகளும் தந்தார். தூக்கத்தைச் சமாதி என்று எண்ணி ஏமாறாதீர்கள் என்றார். அதற்கு எளிய சோதனை உண்டு. நல்ல தியானத்திலிருந்து எழுந்தால் உடம்பும் இமையும் லேசாக இருக்கும். உட்கார்ந்தபடி தூங்கி எழுந்தால் இரண்டும் கனக்கும். சோம்பலைச் சாந்தம் என்று நினைக்கக் கூடாது. தலைவலி வந்தால், உடம்பு சூடேறினால், தியான நேரத்தைக் குறைக்க வேண்டும். சாப்பாட்டையும் தூக்கத்தையும் ஒரேயடியாகக் குறைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்வதையும் அவர் ஏற்கவில்லை.

ஜென் மடத்திலும் இதே பேச்சு

சிவானந்தர் சொன்னது இந்து யோக மரபுக்கு மட்டும் உரியதல்ல. பிரிக்பீல்ட்ஸில் 1894இலிருந்து இருக்கும் பௌத்த மகா விகாரம் தேரவாத மரபைச் சேர்ந்தது. அந்த மரபின் பெரும் நூலான விசுத்திமக்கம், தியானத்தில் முன்னேறுகிறவரை இடறச் செய்யும் பத்து மாசுகளைச் சொல்கிறது. அந்தப் பத்தில் முதலாவது, ஒளி. பேரின்பமும் அமைதியும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. அவை கெட்டவை என்பதால் அல்ல, வந்தவர் அவற்றையே ஞானம் என்று எண்ணிவிடுவதால்.

சீனத்திலும் ஜப்பானிலும் வளர்ந்த ஜென் மரபு இதில் இன்னும் கண்டிப்பானது. தியானம் என்ற சொல்லே சீனத்தில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆனது. அதன் முதல் குருவான போதிதருமர் தென்னிந்தியாவிலிருந்து, அதிலும் காஞ்சியிலிருந்து, போனவர் என்பது மரபு. தியானத்தில் தோன்றும் ஒளி, உருவம், வாசனை, குரல், மிதப்பு எல்லாவற்றுக்கும் ஜென்னில் ஒரே பெயர்தான்: மாக்கியோ. மாரனின் இடம், மாய உலகம் என்று பொருள். புத்தர் உருவமே எதிரில் வந்து நின்றாலும் அது மாக்கியோதான். மாணவர் தனியே போய் ஆசிரியரிடம் சொல்வார். ஆசிரியர் பாராட்டவும் மாட்டார், பயமுறுத்தவும் மாட்டார். முதுகை நிமிர்த்தி, மூச்சைக் கவனித்து, விட்ட இடத்தில் தொடரச் சொல்லி அனுப்பிவிடுவார்.

ஜப்பானில் ஹாகுயின் என்ற துறவி 1686இல் பிறந்தார். இருபத்து நான்காம் வயதில், பல நாள் இரவு பகலாகத் தியானத்தில் இருந்தபோது கோயில் மணியோசை கேட்டு அவருக்குப் பெரிய அனுபவம் உண்டானது. முந்நூறு ஆண்டுகளில் தம்மைப் போல் கண்டவர் இல்லை என்ற எண்ணம் தலைக்கேறிவிட்டது. அந்தப் பெருமையோடு ஷோஜு என்ற முதிய குருவைப் பார்க்கப் போனார். கிழவர் அவர் மூக்கைப் பிடித்துத் திருகி, பொந்துக்குள் கிடக்கும் பிசாசு என்று ஏசினார். பல மாதங்கள் இப்படியே போயின. பிறகு, அளவுக்கு மீறிய பயிற்சியால் ஹாகுயின் நோயில் விழுந்தார். தலை கொதித்தது, கால் சில்லிட்டது, காதில் ஆற்றிரைச்சல் போல் ஓயாத சத்தம், மனத்தில் காரணமில்லாத பயம். அதை அவர் ஞானம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஜென் நோய் என்று பெயர் வைத்து, வைத்தியம் தேடினார். குணமான வழியை 1757இல் நூலாகவும் எழுதினார்.

காதில் கேட்கும் இரைச்சல் நாதமா, நோயா என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் ஹாகுயினிடமும் இருந்தது, தோட்டத்து டாக்டரிடமும் இருந்தது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. சீனத்தில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பாய்ஜாங் என்ற குரு, வயதான பிறகும் தோட்ட வேலை செய்வதை நிறுத்தவில்லை. சீடர்கள் இரக்கப்பட்டு மண்வெட்டியை ஒளித்து வைத்தார்கள். வேலை செய்யாத அன்று அவர் சாப்பிடவும் இல்லை. மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்றும் ஜென் மடங்களில் தியானம் முடிந்ததும் துடைப்பமும் மண்வெட்டியும்தான். தியான அனுபவத்தில் மிதக்கிறவரைத் தரைக்குக் கொண்டுவர வேலையைவிட நல்ல மருந்து இல்லை என்று அவர்கள் கண்டார்கள். லட்சுமண்ஜூலா மருந்தகத்திலும் நடந்தது அதுதான்.

நாட்குறிப்பில் இல்லாத கேள்வி

1934இல் சிவானந்தர் கங்கையின் மறுகரைக்கு மாறினார். பாழடைந்து கிடந்த ஒரு குடிலைச் சுத்தம் செய்து குடியேறினார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் பிறந்தது. மருந்தகம், அச்சகம், ஆயுர்வேத மருந்துச் சாலை, 1948இல் யோக வேதாந்தக் கல்விக்கூடம் என்று வளர்ந்தது. தேடி வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. பழமோ, புத்தகமோ, போர்வையோ கொடுத்து அனுப்புவார்.

ஆசிரமத்துக்கு வர முடியாத குடும்பஸ்தர்களுக்கு அவர் ஓர் ஆன்மிக நாட்குறிப்பு வகுத்துக் கொடுத்தார். தினமும் இரவில் நிரப்ப வேண்டிய கேள்விகள் அவை. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்? எத்தனை மாலை ஜபம்? பலன் கருதாத சேவையில் எவ்வளவு நேரம்? எத்தனை பொய் சொன்னீர்கள்? எத்தனை முறை கோபம் வந்தது? அதற்கு உங்களுக்கு நீங்களே என்ன தண்டனை கொடுத்துக்கொண்டீர்கள்? வீண் பேச்சில் எவ்வளவு நேரம் போனது? எந்த நல்ல குணத்தை வளர்க்கிறீர்கள்? எந்தக் கெட்ட குணத்தை விடுகிறீர்கள்?

தியானத்தில் எத்தனை ஒளி கண்டீர்கள் என்ற கேள்வி அதில் இல்லை. ஒளியைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதியவர், ஒருவரின் முன்னேற்றத்தை அளக்க அதை அளவுகோலாக வைக்கவில்லை. பொய் குறைகிறதா, கோபம் குறைகிறதா, பிறருக்கு உதவும் நேரம் கூடுகிறதா என்பதுதான் அவருடைய அளவுகோல். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் அட்டையில் சூடு ஏறுவதையும் இறங்குவதையும் எழுதுவது போலத்தான் இதுவும்.

கோடரி ஓங்கிய இரவு

அந்த அளவுகோலால் அவரையே அளக்கும் நாள் 1950 ஜனவரி 8ஆம் தேதி வந்தது. ஆசிரமத்துப் பஜனை மண்டபத்தில் மாலை சத்சங்கம். வெளிச்சம் குறைவு. அங்கேயே தங்கியிருந்த ஒரு மனிதர், மனக்குழப்பத்தில், கோடரியை எடுத்து சுவாமிகளின் தலையைக் குறிவைத்து ஓங்கினார். வெட்டு குறி தவறியது. கூட இருந்தவர்கள் பாய்ந்து அவரைப் பிடித்தார்கள். போலீஸ் வந்தது.

சத்சங்கம் நிற்கவில்லை. சிவானந்தர் அதைத் தொடர்ந்து நடத்தி முடித்தார். மறுநாள் அந்த மனிதர் வைக்கப்பட்டிருந்த இடத்துக்குத் தாமே போனார். திட்டவில்லை, விசாரிக்கவும் இல்லை. அவரைக் கும்பிட்டார். பழம், புத்தகம், ஜபமாலை கொடுத்தார். வழக்குப் போட வேண்டாம் என்று போலீசிடம் கேட்டுக்கொண்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த அந்த மனிதரைப் பத்திரமாக ஊருக்கு ரயிலேற்றி அனுப்ப ஏற்பாடு செய்தார்.

கண்ணை மூடினால் என்ன தெரிகிறது என்பதைக் காட்டிலும், கோடரி ஓங்கப்படும்போது மனம் எப்படி இருக்கிறது என்பதுதான் பெரிய சோதனை. பல ஆண்டுத் தியானத்தின் பலன் அந்த ஒருநாளில் எல்லாருக்கும் தெரிந்தது.

இங்கே விட்டுச்சென்றது

அதே 1950இல் செப்டம்பர் முதல் நவம்பர் வரை சிவானந்தர் இந்தியா, இலங்கை முழுவதும் பயணம் செய்தார். சர்க்கரை நோயும் இடுப்பு வலியும் இருந்த உடம்போடு ஊர் ஊராகப் பேசினார், பாடினார். தம்மைத் தேடி வந்த படித்த இளைஞர்கள் பலரைத் துறவிகளாக்கி உலகெங்கும் அனுப்பினார். 1963 ஜூலை 14ஆம் தேதி இரவு, கங்கைக் கரைக் குடிலில் அவர் உயிர் பிரிந்தது. வயது 75.

அவர் வேலை பார்த்த தோட்டங்கள் இன்று எப்படியெப்படியோ மாறிவிட்டன. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்தது. லயத்திலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றன. வேலை நெருக்கடி, கடன், பிள்ளைகள் கவலை என்று மனம் தவிக்கும்போது தியானத்தைத் தேடுவது இயல்பு. தேடுகிறவர்களுக்குப் பத்துமலை ஆசிரமத்தின் பெயரிலேயே ஒரு வழிகாட்டி இருக்கிறார்.

அவர் வாழ்க்கை சொல்லும் வழி எளிமையானது. தியானத்தில் ஒளி வந்தால் வரட்டும், போனால் போகட்டும். அதை நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படவும் வேண்டாம். வரவில்லையே என்று ஏங்கவும் வேண்டாம். ஒளியைக் காட்டுகிறேன், அதற்கு இவ்வளவு கட்டணம் என்று யாராவது சொன்னால், வழியில் தெரியும் பலகையை ஊர் என்று விற்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், இதைச் செய் அதைச் செய் என்று குரல்கள் ஏவத் தொடங்கினால், அதை அருள் என்று வீட்டில் மூடி வைக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். டாக்டராக இருந்த அந்தத் துறவியின் வழிக்கு அது எந்த விதத்திலும் முரணாகாது.

மழையில் குடிசைக்கு வெளியே விடிய விடிய நின்ற இரவில் குப்புசாமி என்ன ஒளியைக் கண்டார் என்று எங்கும் எழுதப்படவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்பது மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது.